நூறாவது ரேங்க்குக்கு இந்தப் பக்கம்

டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் இதற்குக் ‘கட்டிங்’ என்று பெயர். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி உங்கள் கேள்விகள்.

என் மகன் ‘சேலஞ்சர் ஆடப்போகிறேன்’ என்கிறான். விம்பிள்டன் தெரியும். இது என்ன சார்?
கும்பகோணம் வாசகி

ஆண்கள் டென்னிஸில் இரண்டாம் அடுக்கு, அம்மா. ஏடிபி என்ற ஆண்கள் டென்னிஸ் அமைப்பின் பெரிய போட்டிகளில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது. 50, 75, 100, 125, 175 என்று போட்டிகளுக்கு எண் உண்டு. கப் ஜெயித்தால் அத்தனை ரேங்க் பாயிண்ட். ஆனால் அதற்கு ஆயுள் 52 வாரம்தான். போன வருஷம் இதே வாரம் கப்போடு நின்றவர் இந்த வருஷம் முதல் ரவுண்டில் தோற்றால் ரேங்க் மளமளவென்று சரியும். சுமார் நூறாவது ரேங்க்குக்குள் வந்துவிட்டால் விம்பிள்டன் மாதிரி நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் தகுதிச்சுற்று இல்லாமல் நேரே ஆடலாம். எல்லாரும் மூச்சு முட்ட ஓடுவது அதற்குத்தான்.

2023 பிப்ரவரியில் மேக்ஸ் பர்செல் என்ற ஆஸ்திரேலியர் நுங்கம்பாக்கம் வந்து சேலஞ்சர் ஆடினார். முந்தைய வருஷம்தான் விம்பிள்டன் இரட்டையர் கப் வாங்கியவர். ஒற்றையரில் அதெல்லாம் செல்லாது, வரிசையில் நிற்க வேண்டியதுதான். சென்னை, பெங்களூரு, புனே என்று அடுத்தடுத்த மூன்று வாரம், மூன்று கப். அப்படி ஒரு சுக்கிர திசை எல்லாருக்கும் வாய்க்காது.

நம்ம ஊர்க்காரர்கள் யாராவது?
சிவகாசி வாசகர்

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-ல் 75-வது ரேங்க் வரை போனார். எனக்குப் பிடித்தது ராம்குமார் ராமநாதன் கதை. சேலஞ்சர் ஒற்றையர் ஃபைனலில் ஆறு முறை தோற்றவர். ஏழாவது ஃபைனலில், 2021 நவம்பரில், பஹ்ரைனின் மனாமாவில் ஜெயித்தார். எனக்கானால் மூன்றாவதிலேயே விட்டுப்போயிருக்கும்.

ஒரு சீசன் ஆடினால் கையில் காசு நிற்குமா?
மறுபடியும் கும்பகோணம் வாசகி

அம்மா விடமாட்டீர்கள் போல. சரி, நம் நாட்டு வீரர் சுமித் நாகலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் ரோமிலும் ஃபின்லாந்தின் தாம்பேரேயிலும் சேலஞ்சர் கப் வாங்கியவர். அந்த வருஷ ஆரம்பத்தில் தன் பேங்க்கில் இருந்தது 900 யூரோ என்று அவரே சொன்னார். நம் காசுக்கு ஏறக்குறைய எண்பதாயிரம். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச்சுற்று தாண்டி, போட்டித் தரவரிசையில் 31-ஆம் இடத்தில் இருந்த புப்ளிக் என்ற வீரரை வீழ்த்தி இரண்டாம் சுற்று போனதற்குக் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரில் கப்பே வாங்கி நூறுக்குள் வந்தாரே, அதற்குப் பரிசு சுமார் 18,000 அமெரிக்க டாலர். வித்தியாசம் புரிகிறதா?

2024 முதல் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷக் கணக்குப்படி ரேங்க்கில் முதல் நூறு பேருக்கு 3 லட்சம் அமெரிக்க டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000. நல்ல காரியம்தான். 251-வது ஆள் என்ன பாவம் செய்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

செலவு எங்கே போகிறது என்றால் டிக்கெட், கோச், பிசியோ, அப்புறம் என்னைப் போன்றவர்கள். ஒரு வெளிநாட்டுப் பையன் சொந்தமாக 200 மீட்டர் நரம்பு ரீல் கொண்டுவந்திருந்தான். ஒரு ராக்கெட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் போகும். ரீலில் எத்தனை தேறும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். சென்னை வெயிலில் பந்து பறக்கிறது, நரம்பின் இறுக்கத்தை இரண்டு பவுண்டு ஏற்றிக் கட்டு என்றான். நான்கு ராக்கெட்டை மேஜையில் வைத்து, நரம்பை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, இரண்டை மட்டும் புதிதாகக் கட்ட என் பக்கம் தள்ளினான். மற்ற இரண்டும் இன்னொரு மேட்ச் தாங்குமாம். மறுநாள் தகுதிச்சுற்றில் தோற்று வந்தான். நான் கட்டியதில் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. அதைத் தட்டிப் பார்த்து, “பெங்களூருக்கு ஆச்சு” என்று பையில் போட்டுக்கொண்டான்.