லயத்து வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்க முடியாது

'எங்கள் சிறிய ஊரில் சுற்றுலாவை வளர்த்து மக்களுக்கு வருமானம் வரச் செய்ய எங்கிருந்து தொடங்குவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர், தீபாவளிக்கு ஊர் திரும்பியபோது பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுவரோவியம், அலங்கார வளைவு எல்லாம் பிறகு. நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது. ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் தோட்டம். நான் சிறுமியாக இருந்தபோது பால்மரம், அதாவது ரப்பர்; இப்போது பார்க்கும் இடமெல்லாம் செம்பனை, எண்ணெய்ப்பனை. ஆற்றோரம் மட்டும் ஒரு துண்டு பால்மரக்காடு மிஞ்சியிருந்தது. என் அம்மா முப்பத்தொரு வருடம் பால் வெட்டியவர். அவரையும் இன்னும் மூன்று அம்மாமார்களையும் வைத்து, பால் வெட்டுவதை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டலாம் என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தோம். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டோம். 'சரி' என்று வாயால்தான் சொன்னார்கள். நாங்களும் எழுதி வாங்கவில்லை.

முதல் முறை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம். அம்மா பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி என்று வந்து நின்றார். ஒரு கல்லூரிப் பெண் உளியை வாங்கி ஆழமாக இழுத்துவிட்டாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, "பட்டையை மட்டும் சீவு கண்ணு. கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது" என்றார். ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் பட்டை போகலாம். அதை இருட்டில், மழைக்கு முன், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்குச் செய்த கை அது. அன்று அம்மாவுக்கு அறுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். "ஒரு மரம்கூட முழுதாக வெட்டவில்லையே, எதற்கு இவ்வளவு?" என்று திருப்பிக் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை.

இரண்டாம் முறை பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காப்புறுதி இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை. வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் செம்மண் சாலையில் நின்றார்கள். அம்மா உளியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே காத்திருந்தார். நிர்வாகத்தின் மேல் மட்டும் பழி போடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது தனியார் நிலம், யாராவது விழுந்து கால் முறிந்தால் பொறுப்பு அவர்களுடையது. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன்.

இரவு தங்க வைக்கவும் நினைத்திருந்தோம். மலேசியாவில் 'ஹோம்ஸ்டே' திட்டம் 1995-இலிருந்து அரசுத் திட்டமாக முறைப்படி நடக்கிறது. மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், பல குடும்பங்கள் அதனால் நன்றாக இருக்கின்றன. பக்கத்துக் கம்பத்தில் விருந்தினர் வீடு நடத்தும் ஒரு மக்சிக் (மலாய் அம்மா) தாமாகவே வந்து எங்களுக்கு விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் காட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "வீடு யாருடையது?" எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் இருக்கும் லயத்து வீடு, தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். வேலையில் இருக்கும் வரைதான் குடியிருப்பு. நான் இனம் பிரித்துப் பேசவில்லை. அந்த மக்சிக்கை எங்கள் வீட்டுப் பெரியம்மாவாகவே நினைக்கிறேன். கம்பத்துக்காரருக்கு வீடும் வாசலும் இருந்தன, தோட்டத்துக்காரருக்கு இல்லை. தோட்டம் தனியார் சொத்து என்பதாலேயே கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் பல பத்தாண்டுகளாக எங்கள் வாசலுக்கு வராமல் போயின. ஐரோப்பியர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அப்போது அமைச்சராக இருந்த வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கச் சொன்னதன் அருமை எனக்கு அன்றுதான் உறைத்தது. தாத்தா பங்குப் பணம் கட்டிய ரசீது இன்னும் எங்கள் சாமி அறையில் இருக்கிறது.

பேராக்கிலேயே பத்துகாஜா பக்கம், ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய கெல்லி மாளிகைக்கு எத்தனை பேர் போகிறார்கள்! கட்டுமான வேலை நடந்த காலத்தில் விஷக் காய்ச்சல் வந்து தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். அருகிலேயே அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரைச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையில் கெல்லியும் நிற்கிறார். மாளிகையில் படம் எடுப்பவர்களில் கோயில் வரை நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கே கூட்டிப்போனபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "கல் சுமந்தவர்கள் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?"

நம்மவர்களே தோட்டம் என்ற சொல்லுக்கு மரியாதை தருவதில்லை. இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது, இருந்தாலும் சொல்கிறேன். என் அண்ணன் மகள் மருந்தாளர். போன வருடம் வந்த வரன், எல்லாம் பேசி முடித்த பிறகு, "பெண் தோட்டத்துப் பிள்ளையாமே" என்று கைவிட்டுப் போனது. அந்த மாப்பிள்ளையின் தாத்தாவும் காண்டா வாளி, அதாவது தோளில் கம்பு வைத்துப் பால் வாளி, தூக்கியவர்தான். டவுனுக்குப் போய் இரண்டு தலைமுறை ஆனதும் 'தோட்டக்காட்டான்' என்று சொல்ல வாய் வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கட்டையில் (இரண்டாவது மைல்கல் பக்கம்) மாமா ஒருவருக்கு மூன்று ஏக்கர் சொந்த நிலம், பட்டா அவர் பெயரில். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே பால் வெட்டிக் காட்டுகிறோம். இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை; ஆளுக்கு முப்பத்தைந்து வெள்ளி, காலைப் பசியாறுதலும் சேர்த்து. அந்தப் பணம் வெட்டுகிற அம்மாவுக்கு முதலில், சமைப்பவருக்கு அடுத்து, மாமாவுக்கு நிலத்துக்காக, மீதி கழிப்பறைக்கு. இரவு தங்குபவர்களை அந்த மக்சிக் வீட்டுக்கே அனுப்புகிறோம், வருமானம் அவருக்கு. ஊரே மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நான்கு குடும்பங்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் புழங்குகிறது.

உங்கள் ஊரில் சொந்த நிலம் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள், அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். முதலில் ஒரு கழிப்பறை கட்டுங்கள். எந்த ஊர் என்று கீழே எழுதினால் நான் வந்து பார்க்கிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், மழைக்காலமாக மட்டும் இருக்கக் கூடாது.