பச்சை ஒயர் எதுங்கண்ணா?

கார் அலாரத்தைத் தாங்களே மாட்டப் பார்க்கும் சேலம், ஏற்காடு நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். ஐந்து ரோடு பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். நான் புதிதாக மாட்டியதைவிட, பிறர் மாட்டியதைப் பிரித்துச் சரிசெய்ததுதான் அதிகம்.

அம்மாபேட்டை நண்பர்: கிட்டோடு வந்த படத்தில் பச்சை ஒயரை டோர் சுவிட்சில் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. என் காரில் டேஷ்போர்டுக்குக் கீழே மூன்று பச்சை ஒயர் இருக்கிறது. எதுங்கண்ணா?

மூன்றுமே இல்லாமலும் போகலாம் தம்பி. படத்தில் இருப்பது கிட்டில் உள்ள ஒயரின் நிறம். கார் செய்தவனுக்கும் அலாரம் செய்தவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரே மாடலில்கூட வருடம் மாறினால் நிறம் மாறிவிடும். அதனால் நிறத்தைக் கேட்காதீர்கள், ஒயரையே கேளுங்கள். அதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில், சிவப்பு முனை சந்தேகப்படும் ஒயரில். கதவு மூடியிருக்கும்போது 12 வோல்ட் காட்டி, திறந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது நெகடிவ் டோர் ஒயர். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இப்படித்தான். தலைகீழாகக் காட்டினால் பாசிட்டிவ் வகை. கிட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஒயர் இருக்கும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். டிரைவர் கதவு மட்டும் தனி ஒயரில் வரும் கார்களும் உண்டு.

ஓமலூர் நண்பர்: அலாரம் மாட்டியதிலிருந்து, செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கதவு லாக் தானாகத் திறந்துகொள்கிறது. கிட் கோளாறா?

கிட் நல்ல கிட்தான். இக்னிஷன் ஒயருக்குப் பதில் அக்சசரி ஒயரைப் பிடித்திருக்கிறீர்கள். சாவி பூட்டுக்குப் பின்னால் வரும் தடித்த ஒயர்களைச் சாவியைத் திருப்பித் திருப்பித்தான் பிரித்தறிய வேண்டும். சாவியே இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி லைன். சாவி 'ஆன்' நிலையில் 12 வந்து, செல்ஃப் அடிக்கும்போதும் அறுந்துபோகாமல் இருப்பது இக்னிஷன். ஆனில் வந்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் பூஜ்யமாவது அக்சசரி, ரேடியோ அதில்தான் ஓடும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் உயிர் வருவது ஸ்டார்ட்டர் ஒயர்.

உங்கள் காரில் அந்த ஒரு நொடி லைன் அறுந்ததும், வண்டியை நிறுத்திவிட்டதாக அலாரம் நினைக்கிறது. உடனே கதவைத் திறந்துவிடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது இக்னிஷனிலும் வோல்ட் 10 பக்கம் இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூஜ்யமாகக் கூடாது, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்: தம்பி, நாற்பது வருடமாக டெஸ்ட் லேம்ப் வைத்துத்தான் பார்க்கிறேன். மீட்டர் எதற்கு?

ஐயா, அம்பாசடர் காலத்து ஒயருக்கு அது போதும். லேம்பில் உள்ள 5 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.4 ஆம்ப் இழுக்கும். இன்றைய கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் பல ஒயர்கள் சில மில்லி ஆம்புக்காகச் செய்தவை. லேம்பு எரியும், பெட்டியும் சேர்ந்து எரியும். அப்புறம், மஞ்சள் கப்ளர், மஞ்சள் ஸ்லீவ் கண்ட இடத்தில் லேம்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். அது ஏர்பேக் ஒயர்.

அஸ்தம்பட்டி சகோதரி: கதவைப் பூட்டினால் ரூம் லைட் மெதுவாக மங்கி அணைகிறது. அதுவரை அலாரம் 'கதவு திறந்திருக்கிறது' என்று கத்துகிறது. என்ன செய்யலாம்?

டோர் ஒயர் என்று ரூம் லைட் ஒயரைப் பிடித்திருக்கிறார்கள் அம்மா. விளக்கு அணையும்வரை அலாரத்தைப் பொறுத்தவரை கதவு திறந்தேதான் இருக்கிறது. கதவுத் தூணில் உள்ள டோர் சுவிட்சிலிருந்து நேராக வரும் ஒயரை எடுக்கச் சொல்லுங்கள். நான்கு கதவுக்கும் தனித்தனி ஒயர் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன உருப்படி) போட்டு, வெள்ளிக் கோடு காருடைய சுவிட்ச் பக்கம் இருக்கும்படி சேர்க்க வேண்டும். டயோடு இல்லாமல் சேர்த்தால், பின்கதவைத் திறந்தாலும் டிரைவர் கதவு திறந்ததாக மீட்டர் போர்டு காட்டும்.

கொண்டலாம்பட்டி டாக்ஸி ஓட்டுநர்: அலாரத்தின் இண்டிகேட்டர் ஒயரைக் கொடுத்த பிறகு, இடது பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் மின்னுகிறது.

இடது, வலது இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருக்கிறீர்கள். கிட்டில் இதற்கு இரண்டு ஒயர் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு. ஒன்றுதான் இருக்கிறதென்றால் பக்கத்துக்கு ஒரு 6 ஆம்ப் டயோடு போடுங்கள். 21 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே மூன்றரை ஆம்ப் ஆகிவிடும், சின்ன டயோடு தாங்காது.

ஏற்காடு எஸ்டேட் மேலாளர்: பனி இறங்கும் இரவுகளில் மட்டும் சைரன் தானாக அலறுகிறது. அக்கம்பக்கத்தார் திட்டுகிறார்கள்.

சேலத்து வெயிலில் மாட்டிய வேலைகள் ஏற்காட்டில் பல்லிளிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி ஷாக் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு அலாரத்தைப் போடுங்கள். அலறாவிட்டால் சென்சாரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கப்ளரைக் கழற்றியும் அலறினால் பானெட் சுவிட்சைப் பாருங்கள். ஈரத்தில் துருப்பிடித்து, திறந்தது போலவே சிக்னல் கொடுக்கும். ஒயரை வெட்டாமல் கவ்வும் கிளிப்பும், வெறும் முறுக்கும் மலையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, உள்ளே பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். பிவிசி டேப் மட்டும் சுற்றினால், கீழே சேலம் வெயிலில் பசை உருகி அதுவும் அவிழும்.

அடிவாரம் நண்பர்: திருடன் ஓட்டிக்கொண்டு போகும்போதே இன்ஜினை நிறுத்தும்படி மாட்டலாமா?

கூடாது. என் பட்டறையில் யார் கேட்டாலும் செய்வதில்லை. ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீரிங் கல்லாகும், நாலு மிதி மிதித்தால் பிரேக்கும் கெட்டியாகும். இன்ஜினை நிறுத்தும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கெட்டால் அந்த நிலை திருடனுக்கு இல்லை, உங்களுக்கு வரும். ஸ்டார்ட்டர் ஒயரை மட்டும் வெட்டுங்கள். அதையும் ரிலேயின் 30, 87ஏ முனைகள் வழியாகக் கொடுங்கள், ரிலேக்குக் கரண்ட் வராதபோது அவை இரண்டும் சேர்ந்தே இருக்கும். அலாரம் செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

சூரமங்கலம் நண்பர்: பத்து நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி டவுன். அலாரம்தான் காரணமா?

அளந்து பார்த்துவிட்டுப் பழி போடுங்கள். நெகடிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளையில் செருகி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் நடுவே மீட்டரைச் சேருங்கள். கதவெல்லாம் மூடி அரை மணி பொறுங்கள், பெட்டிகள் தூங்கட்டும். நடுவில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். 0.05 ஆம்புக்குள் இருந்தால் சரி. 0.2 காட்டினால் 35 ஆம்ப் ஹவர் பேட்டரி ஏழு நாளில் காலி, செல்ஃப் அதற்கும் முன்பே படுத்துவிடும். அப்புறம் அலாரத்தின் ஃப்யூஸைப் பிடுங்கிப் பாருங்கள். அளவு இறங்கினால் அலாரம், இறங்காவிட்டால் ரேடியோ மாதிரி வேறு எதையாவது தேடுங்கள்.