சீருடைப் பணியில் இல்லாதவர் ஒரு நகராட்சியின் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்குத் தலைமை தாங்க முடியுமா?

கேட்டவருக்கு நகரத் திட்டமிடலில் அனுபவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க நகராட்சி ஒன்றில் பேரிடர் மேலாண்மைத் தலைவர் பதவிக்கு விளம்பரம் பார்த்திருக்கிறார். தீயணைப்பிலோ போலீஸிலோ இருந்ததில்லையே என்று தயங்குகிறார். ஏற்கெனவே ஒருவர், "ஹெல்மெட் போட்டுப் பழகாதவனுக்கு அந்த நாற்காலி எதற்கு?" என்று பதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

தாராளமாக விண்ணப்பியுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகி நேட்டால் கரைக்கு வந்தவள் நான். இங்கே ஒரு சின்ன நகராட்சியில் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பிரிவில் இருந்து, பிறகு பேரிடர் பிரிவுக்குப் போனேன். நகராட்சியின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். போன புதிதில் ஒருவர், "மேடம், ஹோஸ் பைப்பை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியுமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீயணைப்பு அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளத்தில் கயிறு கட்டி இறங்குவது நீங்கள்தான். ஆனால் அந்த இடத்தில் உத்தரவு போடுவது உங்கள் அதிகாரியின் வேலை. பேரிடர் அலுவலகத் தலைவரின் வேலை அதுவல்ல.

இந்தச் சீருடை மோகம் பழைய காலத்தது. 1977-இன் சிவில் பாதுகாப்புச் சட்டம் இருந்தவரை, ஆபத்து வந்த பிறகு ஓடுவதுதான் வேலை என்று எண்ணினார்கள். 2002-இன் 57-ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. ஆபத்து வராமல் தடுப்பதும் குறைப்பதும் முதலில், ஓடுவது அப்புறம். பெருநகரங்களும் மாவட்டங்களும் பேரிடர் மையம் வைத்தே ஆக வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற உள்ளூர் நகராட்சிகளும் அதற்கென்று ஆளும் ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருபவர் என்று நினைக்கிறேன். அங்கே மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குக் கலெக்டரே தலைவர். அவர் சொன்னால் தாசில்தார் ஓடுவார், பள்ளிக்கூடம் திறக்கும், ஜே.சி.பி. வரும். அந்த நினைப்போடு இங்கே வராதீர்கள். இங்கே சாலைக்கு ஒரு துறைத் தலைவர், தண்ணீருக்கு ஒருவர், வீட்டு வசதிக்கு ஒருவர். யாருமே உங்களுக்குக் கீழே இல்லை, சிலர் உங்களுக்கு மேலே. உள்ளூரில் பேரிடர் நிலை அறிவித்து உத்தரவுகள் போடும் அதிகாரம் நகராட்சி மன்றத்துக்குத்தான், அதுவும் மூன்று மாதத்தில் காலாவதியாகும், வேண்டுமானால் நீட்டிக்கலாம். உங்களால் ஆவது கேட்பதும் கேட்க வைப்பதும்தான். மழைக்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும், மழையன்று போன் போட்டால் யார் எடுப்பார்கள்?

2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். 11-ஆம் தேதி திங்கட்கிழமை ராத்திரி. டர்பனுக்கு வடக்கே மவுன்ட் எட்ஜ்கோம்பில் மட்டும் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் மாகாணமான குவாசுலு நேட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் பக்கம் ஆற்றோரத் தகரக் குடிசைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மேட்டுக்கு ஏறி வந்தார்கள். நகராட்சிச் சமூகக் கூடத்தின் காவலாளி போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பயனில்லை, அந்தக் கூரை சாதாரண மழைக்கே ஒழுகும்.

நான் கூப்பிட்டது கோவில் கமிட்டித் தலைவரை. இங்கே பிறந்து வளர்ந்தவர், எழுபது தாண்டியவர். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது, தமிழாக்கி எழுதுகிறேன்.

"அங்கிள், மண்டபம் வேணும்."

"எத்தனை பேர்மா?"

"தெரியல அங்கிள். பிள்ளைங்க நிறைய."

"சாவி என்கிட்டதான் இருக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் யாரையாவது கொண்டுவரச் சொல்லு."

அவர் அப்படிச் சொன்னது தற்செயல் இல்லை. கமிட்டியின் வருடாந்தரக் கூட்டம் ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்து, மண்டபத்தில் எத்தனை கழிப்பறை, எத்தனை பாய், பெரிய தேக்சா எத்தனை என்று கணக்கெடுத்து வைத்திருந்தேன். "மேடம் கோவிலுக்குப் போய் அரட்டை அடிக்கிறார்" என்று அலுவலகத்தில் பேச்சு. பேசட்டும்.

மறுநாள் காலையில்தான் உண்மையான சிக்கல். நிவாரணச் சாமான் ஏற்றி வந்த பக்கி என்ற சின்ன லாரியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மத்தி மீன் டின். இந்த நாட்டில் நிவாரணம் என்றாலே டின் மீன்தான், கெடாது, சூடாக்காமலே சாப்பிடலாம். ஆனால் அது ஈஸ்டர் வாரம். வரும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழா, பாதிப் பேர் விரதத்தில் இருக்கிறார்கள். பொருளாளர் மண்டப வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "மீன் உள்ளே வரக் கூடாது, வந்தால் நான் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவேன்." பக்கியில் வந்த பையனோ, "இதை இறக்காமல் போனால் என் ரசீதில் யார் கையெழுத்துப் போடுவார்?" என்கிறான். உள்ளே ஒரு சூலு கோகோ (பாட்டி), மடியில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு, என்ன சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்.

எதிரே இருந்த பள்ளிக்கூடத்து முதல்வரைக் கூப்பிட்டேன். அவர் நம்பரும் அதே கணக்கில்தான் இருந்தது. சைக்கிள் ஷெட்டைத் திறந்துவிட்டார். மீன் அங்கே போனது, சாப்பிட விரும்பியவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். கோவில் சமையல்கட்டில் ஆன்ட்டிமார் சுகர் பீன்ஸ் கறியும் சோறும் பெரிய தேக்சாவில் ஏற்றினார்கள். கறிவேப்பிலை தாளித்த வாசனை ரோட்டைத் தாண்டியதும் சைக்கிள் ஷெட்டில் கூட்டம் குறைந்துவிட்டது. பொருளாளரே கரண்டியோடு நின்று பரிமாறினார். இதற்கு எந்த ஹெல்மெட் உதவியிருக்கும், சொல்லுங்கள்.

"கோவில் கூட்டத்தைப் பழக்கம் பிடித்து வைப்பதெல்லாம் ஒரு தலைமையா?" என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். டர்பனில் 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது, கரையோர இந்தியக் குடும்பங்களில் 176 பேரைக் காப்பாற்றியது மாரிமுத்து படவட்டானையும் சேர்த்து, படகில் போன ஆறு மீனவர்கள். படகும் துடுப்பும் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

அடுத்தது காகிதம். திட்டமிடலில் இருந்து வரும் உங்களுக்குச் சாதகமான இடம் இதுதான். வெள்ளம் வடிந்ததும் சேத மதிப்பீடு போக வேண்டும். உள்ளூர், மாகாண, தேசியப் பேரிடர் என்று வகைப்படுத்துவது தேசியப் பேரிடர் மேலாண்மை மையம். 2022-இல் ஏப்ரல் 18 அன்று அதிபர் ராமபோசாவே தேசியப் பேரிடர் நிலை அறிவித்தார். அறிவிப்பு வந்தால் பணம் தானாக வராது. சட்டத்தின் 57-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உதவி கேட்கும்போது, முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுத்தீர்களா, எடுக்கவில்லையென்றால் ஏன் என்பதையும் பார்ப்பார்கள். எங்களிடம் அடித்துப்போன ஒரு பாலத்தடிக் குழாய்க்கு, அதைக் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள், வேலை அட்டை எங்கே என்று கேட்டார்கள். சாலைத் துறையில் அட்டையே இல்லை. தூர்வாரச் சொல்லி நான் எழுதிய கடிதங்களின் நகல் என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்ததும் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். கடிதமாக எழுதுங்கள், நகல் வையுங்கள், வீட்டிலும் ஒன்று வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என்னை வருடக்கணக்கில் 'ஆக்டிங்' தலைவராகவே வைத்திருந்தார்கள். வேலை முழுசு, பதவி அரைகுறை. ஆக்டிங் பதவிக்குத் தரும் படித்தொகை ஓய்வூதியக் கணக்கில் சேராது. பதவியை நிரப்ப விளம்பரம் வரும், ரத்தாகும், மறுபடி வரும். கோவிட் வந்த 2020 மார்ச்சில் இதே சட்டத்தின் கீழ்தான் நாடு முழுவதையும் பூட்டினார்கள். அதுவரை என் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறதென்று தெரியாத கவுன்சிலர்கள் எல்லாம் விதிமுறை கேட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டார்கள். அப்போதும் நான் ஆக்டிங்தான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னை "ஆக்டிங் மனைவி" என்று கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது, இந்தப் பதவி யாருக்குக் கீழே என்பது. நகராட்சி மேலாளருக்கு நேராக என்றால் நல்லது. சமூகப் பாதுகாப்பு இயக்குநருக்குக் கீழே, அவருக்குக் கீழே தீயணைப்புத் தலைவர், அவருக்கும் கீழே நீங்கள் என்றால், பட்ஜெட் பேசும் அறைக்குள் உங்களை விடவே மாட்டார்கள். அந்த மாதிரி வேலைக்குச் சம்பளம் பார்த்து மயங்காதீர்கள். பேரிடர் திட்டம் வளர்ச்சித் திட்டத்தின் உள்ளேயே இருக்கிறதா, கடைசியில் பின்னிணைப்பாக ஒட்டியிருக்கிறார்களா என்று அவர்கள் இணையதளத்தில் இறக்கிப் பாருங்கள். உங்கள் துறை அது, ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

படிப்பு போதாது என்று பயமிருந்தால், ப்ளூம்ஃபொண்டைனில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மைக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களை எனக்குத் தெரியும். இந்தியப் பட்டம் என்றால் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வாவின் மதிப்பீடு கேட்பார்கள். அதற்கு நாளாகும், விளம்பரத்தின் கடைசித் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். டிரைவிங் லைசென்ஸும் கட்டாயம் கேட்பார்கள்.