25 மீட்டரில் துப்பாக்கிக் குண்டு ஏன் சிதறுகிறது? மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகள்

அண்ணே, 10 மீட்டரில் நன்றாக விழுகிறது. 25-க்குப் போனால் குறித்தாள் முழுக்கச் சிதறுகிறதே?
தம்பி, 10 மீட்டரிலும் அதே தவறுதான், சின்னதாகத் தெரிந்தது. கைத்துப்பாக்கியின் மேல் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 16 செண்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். பின் சைட் பிளவுக்குள் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் குண்டு 6 செண்டிமீட்டர் தள்ளி விழும். 25-இல் கிட்டத்தட்ட 16, 50-இல் 31. 25, 50 மீட்டரில் நிதானமாகச் சுடும் பந்தயத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 5 செண்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை அப்படியே 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் தாளிலும் அதே 1 மில்லிமீட்டர்தான். அதனால் கை ஆடுகிறதே என்று பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். என் அம்மா பால் மரம் வெட்டியவர். கத்தி பட்டையில் ஒரே சீராகப் போகும், அவசரப்பட்டால் மரம் காயப்படும். டிரிகர் விரலுக்கும் அந்த நிதானம் வேண்டும்.

அர்ச்சுனன் பறவையின் கண்ணை மட்டும்தானே பார்த்தான்? நீங்கள் முன் சைட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள்!
அவன் வில்லில் சைட் இல்லை. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். தாளில் உள்ள கறுப்பு வட்டம் மங்கினால் இழப்பு கொஞ்சம், முன் சைட் மங்கி 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் மேலே சொன்ன 16 செண்டிமீட்டர் தள்ளிப் போகும்.

வயது 52. முன் சைட்டே மங்கலாகத் தெரிகிறது.
கண் மருத்துவரிடம் முன் சைட்டின் தூரத்தை அளந்து சொல்லி, அதற்கென்று கண்ணாடி போடுங்கள்.

வீட்டில் குண்டில்லாமல் பழகலாமா?
லைசென்ஸ் உள்ளவர் தாராளமாகப் பழகலாம், மிகவும் உதவும். முதலில் துப்பாக்கியில் குண்டு நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குண்டுகள் வீட்டின் வேறொரு அறையில் இருக்கட்டும். பாயிண்ட் 22 ரகத்தில் போலிக் குண்டு போட்டே தட்டுங்கள், இல்லையென்றால் குண்டைத் தட்டும் ஊசி, குண்டு அறையின் விளிம்பைக் கெடுத்துவிடும்.

காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்தானே?
மூன்றாவது முறை கேட்கிறீர்கள். வேண்டும். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் குரங்குத் தொல்லை…
வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

என்ன சொன்னாலும் குறியைப் பார்க்காமல் சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (அர்ச்சுனன் நண்பர் மறுபடியும்)
சரி, அடுத்த முறை தாளைத் திருப்பி மாட்டுங்கள். வட்டமே இல்லாத வெள்ளைப் பக்கத்தில், 25 மீட்டரில் 10 குண்டு, முன் சைட்டை மட்டும் பார்த்து. அப்புறம் முன்பக்கத்தில் உங்கள் வழியில் 10. இரண்டு தாளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து அளப்போம். ஒவ்வொரு தடவையும் குண்டு அறை காலியா என்று பார்த்த பிறகே தாளிடம் நடந்து போங்கள்.