முதுகலைக்குப் பணம் கட்டும் முன்: சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பதில்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் மகள் உளவியலில் பட்டம் முடித்து, ஈப்போவில் ஆட்டிசம் பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறாள். ஏபிஏ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தப் படிப்பை இனி முழுவதும் இணையம் வழியாக நடத்தப்போவதாகவும், வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்வதாகவும் அறிவித்திருக்கிறது. 'சான்றிதழ் தேர்வுக்கு வேண்டிய பாடங்கள் அனைத்தும் இதில் அடக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். அவள் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். சேம நிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். படித்து முடித்து நம் ஊரிலேயே சின்னதாக ஒரு மையம் திறப்பது மகளின் ஆசை. நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: அம்மா, இப்போது கட்ட வேண்டாம். மகள் படிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் படிக்கத்தான் வேண்டும். நம் தோட்டப்புறங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் அவ்வளவு குறைவு. ஆனால் அந்த அறிவிப்பில் உள்ள ஒரு வரியை நீங்கள் படித்த விதம் வேறு, அதன் பொருள் வேறு. அதைத் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு கட்டலாம்.

'தேர்வுக்கு வேண்டிய பாடங்கள் அடக்கம்' என்கிறார்கள். பாடங்கள் அடக்கம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாடம் முடித்தவுடன் உங்கள் மகள் தேர்வு எழுதலாம் என்று அந்த வரி சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்தச் சான்றிதழைத் தருவது 1998இல் தொடங்கிய பிஏசிபி என்ற வாரியம். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு அது தரும் பிசிபிஏ சான்றிதழுக்கு முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் செய்த களப்பணி, தேர்வு ஆகிய மூன்றும் வேண்டும். இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், அமெரிக்கா உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளில் குடியிருப்பவர்களிடம் மட்டுமே அந்த வாரியம் புதிய விண்ணப்பம் வாங்குகிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரும் இல்லை. 'இங்கே இல்லாவிட்டால் சிங்கப்பூர் போய் எழுதிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆக, சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து அந்த முதுகலையை முதல் தரத்தில் முடித்தாலும், இங்கே குடியிருக்கும்வரை பிசிபிஏவுக்கு விண்ணப்பிக்க முடியாது. மலேசியாவில் இன்று பிசிபிஏ என்று போட்டுக்கொண்டு நேர்மையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கதவு சாத்துவதற்கு முன்னால் வாங்கிப் புதுப்பித்து வருபவர்களாகவோ, அனுமதி உள்ள நாட்டில் இருந்தபோது வாங்கியவர்களாகவோ அவர்கள் இருப்பார்கள். 'அந்த அக்கா வாங்கினாரே, நான் ஏன் வாங்க முடியாது' என்று மகள் கேட்டால் காரணம் இதுதான்.

வேறு வழி இருக்கிறது. ஐபிஏஓ, கியூஏபிஏ என்ற இரண்டு அமைப்புகள் பல நாடுகளில் உள்ளவர்களுக்கும் சான்றிதழ் தருகின்றன. பிள்ளையுடன் நேரடியாக வேலை செய்பவருக்கு ஒரு நிலை, திட்டம் வகுத்து மேற்பார்வை செய்பவருக்கு ஒரு நிலை என்று இரண்டிலும் படிகள் உண்டு. மகள் முதலில் முதல் நிலையை வாங்கலாம். அதற்கு முதுகலை தேவையே இல்லை. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், 'உங்கள் பாடங்களை இந்த இரண்டில் எது ஏற்றுக்கொள்கிறது?' என்று கேட்டு வாங்குங்கள். பாடத்திட்டத்தின் வயதையும் பாருங்கள். பிஏசிபி தேர்வு 2025 ஜனவரி முதல் ஆறாம் பதிப்புப் பாடத் திட்டப்படி நடக்கிறது. இன்னமும் ஐந்தாம் பதிப்பைப் பற்றியே பேசும் அறிவிப்பு என்றால் பழையதைத் தூசு தட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, மருத்துவ உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் போன்றோரைப் பட்டியலிட்டிருக்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் அதில் கிடையாது. அரசு மருத்துவமனையில் நிலையான பதவி வேண்டும் என்பது மகளின் எண்ணமாக இருந்தால், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் முதுகலையே நேரான பாதை. இல்லை, பிள்ளைகளோடும் பெற்றோரோடும் அன்றாடம் வேலை செய்வதுதான் பிடிக்கும் என்றால் ஏபிஏ சரி. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் படித்துவிட்டுத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை மகளே தீர்மானிக்கட்டும், நீங்களும் அப்பாவும் அல்ல.

சரி, களப்பணிக்கு வருவோம். என் மனத்தில் பட்டத்தைவிட இதற்குத்தான் எடை அதிகம்.

பிஏசிபி கேட்பது 2,000 மணி நேரம். மாதத்துக்கு இத்தனை மணி நேரம்தான் கணக்கில் எடுப்போம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தாலே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வேலையும் படிப்புமாக மாதம் 80 மணி நேரம் என்றால் 25 மாதம். இதில் மாதந்தோறும் 5 விழுக்காடு நேரமாவது தகுதியுள்ள மேற்பார்வையாளர் கூட இருக்க வேண்டும். மொத்தம் 100 மணி நேரம். பல்கலைக்கழகம் மேற்பார்வையாளரைத் தராவிட்டால் அந்த 100 மணி நேரத்துக்கும் நீங்கள் தனியாகக் காசு கொடுக்க வேண்டிவரும். அறிவிப்பில் போட்டிருக்கும் கட்டணத்தில் இது பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. அந்த மணிகளில் குறைந்தது 60 விழுக்காடு, பிள்ளையின் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் வேலையாக இருக்கக் கூடாது. மதிப்பீடு செய்வது, திட்டம் எழுதுவது, பதிவுகளைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது, பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பது போன்ற வேலையாக இருக்க வேண்டும். உங்கள் மகள் ஒன்றரை வருடம் செய்த வேலை அனுபவமாக அருமையானது. ஆனால் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமல் செய்த மணிகள் கணக்கில் சேராது. விண்ணப்பிப்பது வேறு அமைப்பாக இருந்தாலும், இந்த அளவுகோலை வைத்துத்தான் ஒரு முதுகலையை எடைபோடச் சொல்வேன்.

நான் படித்த காலத்தில் ஒரு மையத்தில் ஆறு மாதம் வேலை செய்தேன். மாதாந்திரப் படிவத்தில் அந்தந்த நேரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை மணிகளும் போயின. மகளிடம் முதல் நாளிலிருந்தே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன், பேச்சு வரவில்லை. மாலையில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால், வாசலில் விழுந்து புரண்டு கத்துவான். அக்கம்பக்கத்தார் 'பிடிவாதம்' என்றார்கள், பாட்டி 'கண் பட்டிருக்கும்' என்றார். அம்மாவிடம் ஒரு 555 புத்தகத்தைக் கொடுத்து, கத்துவதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் கத்தினான், கத்திய பிறகு என்ன கிடைத்தது என்று மட்டும் இரண்டு வாரம் எழுதச் சொன்னோம். கடனுக்குச் சாமான் வாங்கிய கணக்கு எழுதும் அதே புத்தகம்தான். எழுத எழுத அவருக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கத்திய பிறகுதான் கையில் பன் கிடைத்திருக்கிறது. அவனைப் பொறுத்தவரை ரொட்டி கேட்கும் மொழி அந்தக் கத்தல்.

இங்கே பலர் செய்யும் தவறு, 'இனிமேல் கத்தினால் கொடுக்காதே' என்று மட்டும் சொல்லிவிடுவது. அப்படி நிறுத்தினால் கத்தல் முதலில் கூடும். அம்மா பயந்துபோய்க் கொடுத்துவிடுவார். இன்னும் பலமாகக் கத்தினால்தான் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொள்வான். அதனால் கத்தல் வரும்வரை காத்திருக்காமல், ஹோர்ன் சத்தம் தூரத்தில் கேட்டவுடனேயே பன்னின் படம் ஒட்டிய அட்டையை அவன் கையில் வைத்து, அம்மாவிடம் நீட்டவைத்து, உடனே பன்னைக் கொடுக்கவைத்தோம். கேட்கும் மொழி மாறியது, கத்தல் குறைந்தது. இதுதான் இந்தத் துறையின் அடிப்படை: நடத்தையின் பயனைக் கண்டுபிடி, அதே பயனைத் தரும் நல்ல வழியைக் கற்றுக்கொடு, எழுதிவைத்த கணக்கைப் பார்த்து முடிவு செய்.

இதே துறைக்கு வருத்தமான வரலாறும் உண்டு. வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்தால்தான் பலன் என்று சில மையங்கள் பெற்றோரிடம் சொல்வதற்கு மூலம் 1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு. அதில் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் 19 பிள்ளைகள், மிக நன்றாக முன்னேறியவர்கள் 9 பேர். அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியது, கையை ஆட்டுவதை அடக்கியது எல்லாம் தங்களைக் காயப்படுத்தியது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்யாத கையாட்டலை நிறுத்த ஒரு பிள்ளையின் மாலை நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்று காட்டும்போது பயிற்சியை நிறுத்துவது எப்படி என்று அந்த முதுகலையில் பாடம் இருக்கிறதா என்று மகள் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வரும் பதிலே அந்தப் படிப்பின் தரத்தைக் காட்டிவிடும்.

பண விஷயம். ஊழியர் சேம நிதியில் பிள்ளைகளின் உயர்கல்விக்கு எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிந்த பிறகு அது செஜாத்ரா கணக்கிலிருந்து போகும். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்புக்கு அது செல்லுமா என்பதை, பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஈப்போ அலுவலக முகப்பில் கேட்ட பிறகே சேர்க்கைக்கட்டணம் கட்டுங்கள். பட்டத்தின் அங்கீகாரம் பற்றி மலேசியத் தகுதி முகவையான எம்கியூஏவிடமும் விசாரியுங்கள். வகுப்பு நேரத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 6 மணி வகுப்பு என்றால் இங்கே மறுநாள் காலை 6 மணி, அவர்களின் குளிர்காலத்தில் 7 மணி. வகுப்பை முடித்துவிட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டி ஈப்போவில் வேலைக்கு நிற்க வேண்டும். இரண்டு வருடம் தாங்குமா என்று மகளை யோசிக்கச் சொல்லுங்கள்.

மையம் திறக்கும் ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் அம்மாமார் மரம் சீவப் போனால் ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். இன்று பேச்சு வராத பிள்ளையை வைத்திருக்கும் தாய் பல வீடுகளில் தனியாகத் தவிக்கிறார். ஆனால் கட்டடத்தில் தொடங்க வேண்டாம். நான்கு வயது நிரம்பிய பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பராமரிக்கும் இடமாக நடத்தினால் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிய வேண்டும், ஊராட்சி உரிமமும் எடுக்க வேண்டும். வாடகையும் உரிமமும் சேர்ந்து இளம் பெண்ணின் கழுத்தை நெரித்துவிடும். முதலில் சனிக்கிழமைகளில் நான்கைந்து பெற்றோருக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கட்டும். அருகிலுள்ள சமூக மறுவாழ்வு மையமான பிடிகேயில் உதவிக்குப் போகட்டும்.

தமிழில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மையத்தில் ஆங்கிலத்தில் 'மோர்' என்று கேட்கப் பழகிய பிள்ளை, வீட்டில் பாட்டியிடம் அதையே சொன்னால் பாட்டி மோர் ஊற்றிக்கொண்டு வருவார். 'இன்னும்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தால் அன்றைக்கே பலன் கிடைத்திருக்கும்.

இந்த வாரம் மகள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். 'நான் மலேசியாவில் குடியிருக்கிறேன், படித்த பிறகும் இங்கேதான் இருப்பேன். எந்தச் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்க முடியும்? மேற்பார்வையாளரை நீங்கள் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?' என்று கேட்டால் போதும். தொலைபேசியில் சொல்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், எழுத்தில்தான் வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஐபிஏஓ, கியூஏபிஏ இரண்டில் ஒன்றின் முதல் நிலைப் பயிற்சியில் அவளைச் சேர்த்துவிடுங்கள். ஈப்போ வேலையை விடாமலேயே அதை முடிக்கலாம்.