எம்.பி.க்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கு இல்லை

கேள்வி: லண்டனில் ஓர் அமைச்சகத்தில் கீழ்நிலை அதிகாரியாக ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். அகதி விண்ணப்பங்களின் தேக்கம் பற்றி அமைச்சர் வெளியே சொன்னதும் உள்ளே இருந்த கணக்கும் வேறு வேறு. மேலாளரிடம் சொன்னேன், அவமானப்படுத்தினார். பதவி உயர்வில் இரண்டு முறை என்னைத் தாண்டி வேறு ஆளைப் போட்டார்கள். மனம் வெறுத்து, எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் உதவியாளருக்கு மூன்று ஆவணங்களைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அலுவலகத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா என்றும் ஒருமுறை கேட்டிருந்தேன். எம்.பி. சபையில் கேள்வி எழுப்பினார், பெரிய செய்தியானது. இப்போது என்னைப் பணியிடைநீக்கம் செய்துவிட்டார்கள். போலீஸ் விசாரணைக்கு 'விருப்பத்தின் பேரில்' வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எம்.பி. அலுவலகம் போனை எடுப்பதே இல்லை. 2008இல் டேமியன் கிரீன் வழக்கில் யார் மீதும் வழக்குப் போடவில்லையே, நாடாளுமன்றச் சிறப்புரிமை எனக்கும் பொருந்தாதா? வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடலாமா? என் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் மேலாளரைப் பற்றியும் பதவி உயர்வைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவை உண்மையாக இருக்கலாம், ஆனால் இந்த வழக்கில் அவற்றால் உங்களுக்குப் பயன் இல்லை. கெடுதல்தான் உண்டு. 'மனம் வெறுத்து அனுப்பினேன்' என்று போலீஸ் அறையில் சொன்னால், பொதுநலனுக்காக அனுப்பவில்லை, பழிவாங்க அனுப்பினார் என்று அப்படியே எழுதிக்கொள்வார்கள். எனவே மேலாளரின் பெயரை இனி எடுக்காதீர்கள்.

சட்டத்தின் கண்ணில் பெரிதாகத் தெரியப்போவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரி. வேலை கிடைக்குமா என்று கேட்டீர்களே, அந்த வரி.

ஏன் என்று சொல்கிறேன். இப்படிப்பட்ட கசிவுகளில் போலீஸ் வழக்கமாக எடுக்கும் குற்றம், பொதுப் பதவியில் இருந்துகொண்டு முறைகேடாக நடத்தல். பழைய பொதுச் சட்டக் குற்றமாக, அதாவது நாடாளுமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளால், வளர்ந்தது. அதிகபட்சத் தண்டனை ஆயுள் வரை போகும். விதியை மீறினார் என்று மட்டும் காட்டினால் போதாது. மக்கள் அந்தப் பதவிமீது வைத்த நம்பிக்கைக்கே துரோகம் என்று சொல்லும் அளவுக்கு மீறல் கடுமையாக இருக்கவேண்டும். அந்தக் கடுமையை எடைபோடும்போது, உங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன எதிர்பார்த்தீர்கள் என்பது கட்டாயம் தராசில் ஏறும். பொதுநலனுக்காக எண்களை வெளியிட்ட அதிகாரி ஒரு ஆள். வேலை கேட்டுக்கொண்டே ஆவணம் அனுப்பிய அதிகாரி வேறு ஆள். நீங்கள் முதல் ஆளாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் போன் இரண்டாவது ஆளைக் காட்டுகிறது. எப்போது கேட்டீர்கள் என்பதுதான் முக்கியம்: முதல் ஆவணத்துக்கு முன்பா, நடுவிலா, எல்லாம் முடிந்த பிறகா? அந்தத் தேதியை வைத்துத்தான் உங்கள் வழக்கறிஞர் மற்றதை யோசிப்பார்.

கிரீன் வழக்குக்கு வருகிறேன். அதை நம்பித்தான் தைரியமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அதில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பார்க்கவில்லை.

2008 நவம்பர் 27 அன்று, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் குடிவரவுத் துறைப் பேச்சாளராக இருந்த எம்.பி. டேமியன் கிரீனை லண்டன் பெருநகரப் போலீஸ் கைது செய்தது. ஒன்பது மணி நேரம் வரை வைத்திருந்தார்கள். வீடுகள், தொகுதி அலுவலகம், நாடாளுமன்ற அலுவலகம் எல்லாவற்றையும் சோதனை போட்டார்கள். நாடாளுமன்றத்துக்குள் நுழையும்போது வாரண்ட் இல்லை, சபை அதிகாரி சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார் என்று தெரிந்ததும் நாடே கொதித்தது. இனி வாரண்ட் இல்லாமல் எந்த உறுப்பினர் அலுவலகத்திலும் சோதனை கூடாது என்று சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் அறிவித்தார். எல்லோருக்கும் நினைவிருப்பது இந்தப் பகுதிதான்.

கிரீனுக்கு ஆவணங்களைக் கசியவிட்டவர் பெயர் கிறிஸ்டோபர் கேலி, உள்துறை அமைச்சகத்தின் இளநிலை ஊழியர், அப்போது 26 வயது. ஒரு காலத்தில் கன்சர்வேடிவ் வேட்பாளராக உள்ளாட்சித் தேர்தலில் நின்றவர், கிரீனிடம் வேலைக்கும் விண்ணப்பித்திருந்தவர். அவரைக் கைது செய்தது நவம்பர் 19இல், கிரீனுக்கு எட்டு நாள் முன்பு. வரிசையைக் கவனியுங்கள். போலீஸ் முதலில் வருவது ஊழியரிடம். அங்கே கிடைத்ததை வைத்துத்தான் எம்.பி.யிடம் போவார்கள். 2009 ஏப்ரலில், அப்போது அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர், இருவர் மீதும் வழக்கு இல்லை என்றார். கசிந்தவை தேசப் பாதுகாப்பைத் தொடவில்லை, சிலவற்றில் நியாயமான பொதுநலன் இருந்தது, அமைச்சகத்தின் வேலைக்குச் சேதம் உண்டு, ஆனால் குற்றவழக்குக்குப் போதாது என்பது அவர் காரணம். கிரீன் நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். அதே மாதத்தில் கேலியை வேலையை விட்டு நீக்கினார்கள்.

உங்கள் இடம் கேலியின் இடம். அதில் மிகச் சிறந்த முடிவு என்று நான் காட்டக்கூடியதே, வழக்கு இல்லை, வேலையும் இல்லை என்பதுதான்.

சிறப்புரிமை உங்களுக்குப் பொருந்தாது. 1689ஆம் வருட உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு காப்பது சபை நடவடிக்கைகளை. எம்.பி. எழுப்பிய கேள்விக்காக அவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது, அவ்வளவுதான். அவர் உதவியாளருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படம் சபை நடவடிக்கை ஆகாது. ஓர் எம்.பி. அமைச்சருக்கு எழுதிய கடிதமே சபை நடவடிக்கை அல்ல என்று 1958இல் அவையே வாக்கெடுத்து முடிவு செய்தது. எம்.பி. அலுவலகத்துக்குள் போகப் போலீசுக்கு வாரண்ட் தேவைப்படலாம். உங்கள் போன் கையில் இருந்தால் அவர்கள் அங்கே போகவே தேவையில்லை.

எம்.பி. நல்லவர், கைவிடமாட்டார் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது டேவிட் கியோவின் கதை. அமைச்சரவை அலுவலக ஊழியரான அவர், புஷ்–பிளேர் உரையாடலின் குறிப்பு ஒன்றை நார்த்தாம்ப்டன் எம்.பி. ஒருவரின் ஆராய்ச்சி உதவியாளர் லியோ ஓ'கானரிடம் கொடுத்தார். எம்.பி. கையில் அது வந்ததும் அவர் செய்தது, அரசிடமே திருப்பிக் கொடுத்தது. 2007 மே மாதம் அரசு இரகசியச் சட்டத்தின் கீழ் கியோவுக்கு ஆறு மாதம், ஓ'கானருக்கு மூன்று மாதம் சிறை. எம்.பி. மீது குறை சொல்லவில்லை. அவர் தம் நிலையிலிருந்து சரியானதைத்தான் செய்தார். உங்கள் எம்.பி.யும் இன்று தம் வழக்கறிஞர் சொல்வதைத்தான் செய்துகொண்டிருப்பார், போன் எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் ஆவணங்கள் தேக்கக் கணக்கு மட்டும் என்றால் அந்த இரகசியச் சட்டம் வர வாய்ப்பு குறைவு. 1989ஆம் வருடச் சட்டம் பாதுகாப்பு, உளவு, ராணுவம், வெளிநாட்டு உறவு, குற்றப் புலனாய்வு போன்ற வகைகளைத்தான் பிடிக்கிறது. கிரீன் வழக்கிலும் தேசப் பாதுகாப்பு என்ற பேச்சோடுதான் போலீசை அழைத்தார்கள். பிறகு அது நிற்கவில்லை. எனவே அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஆனால் மூன்று ஆவணம் என்கிறீர்கள், கணக்கு ஒன்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டில் என்ன? விண்ணப்பதாரர்களின் பெயர், நாடு, பிறந்த தேதி படத்தின் ஓரத்தில் தெரிந்தாலும் அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தனிக் குற்றம். அபராதம்தான், சிறை இல்லை. ஆனால் குற்றப் பதிவு குற்றப் பதிவுதான். அதைவிட எனக்கு மனம் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெயர்களில் ஒன்று, ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஒளிந்து வாழும் ஒருவருடையதாக இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று சொல்லப்போகும் நீங்கள், அந்தப் படத்தை இன்றே மனதில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி, நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் அழிவுக்கு வருகிறேன். ஆவணம் அனுப்பியதால் சிறைக்குப் போனவர்கள் குறைவு. அனுப்பிய பிறகு செய்ததால் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் போதாது. போலீஸ் கடிதம் வந்துவிட்டது. இதற்குப் பிறகு அழித்தால் நீதியின் போக்கைத் தடுத்தல் என்ற குற்றம் புதிதாகப் பிறக்கும், அது கசிவைவிட நிரூபிக்க எளிது, நீதிபதிகள் அதற்குச் சிறை கொடுக்கத் தயங்குவதில்லை. அழித்தும் பயனில்லை; மறுமுனையில் உதவியாளரின் போன் இருக்கிறது, காப்பு நகல் இருக்கிறது. அழித்த செய்தியைவிட, அழித்த நேரம்தான் நீதிமன்றத்தில் பேசும். ஏற்கெனவே எதையாவது அழித்திருந்தால், எனக்கு எழுதாதீர்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டு முறையான நோட்டீஸ் வந்தால் மறுப்பது தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை, தேசப் பாதுகாப்பு என்றால் ஐந்து. வாய்மொழியாகக் கேட்டால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

போனைக் கைப்பற்றினால் வழக்குக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்காது. 2008இல் கிரீனின் அலுவலகக் கணினியில் கண்டதாகச் சொல்லப்பட்ட ஆபாசப் படங்களைப் பற்றி ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகள் 2017இல் பகிரங்கமாகப் பேசினார்கள். தாம் அவற்றைப் பார்க்கவில்லை என்றே கிரீன் சொன்னார். ஆனால் அது பற்றிப் போலீஸ் தம்மிடம் என்ன சொல்லியிருந்தது என்பதில் தவறான அறிக்கை விட்டதற்காக, துணைப் பிரதமருக்கு நிகரான பதவியை அந்த டிசம்பரில் இழந்தார். வழக்கே இல்லாமல் முடிந்த விசாரணை ஒன்பது வருடம் கழித்து அவரைப் பிடித்தது. அதுவும் படங்களால் அல்ல, விளக்கத்தால்.

அடுத்தது அந்த உதவியாளர். 'நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம்' என்று ஒரு செய்தி அனுப்பத் தோன்றும். அவர் நாளை உங்களோடு சேர்த்து விசாரிக்கப்படக்கூடியவர், அல்லது உங்களுக்கு எதிரான சாட்சி. பேசவே கூடாது, நண்பர் மூலமும் கூடாது. கோயிலில், கடையில், தமிழ் வானொலியில், யூடியூபில் எங்கேயும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நம் ஆட்கள் ஆறுதல் சொல்வார்கள், அப்புறம் சாட்சிக் கூண்டில் நிற்பார்கள்.

'விருப்பத்தின் பேரில்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த அறையில் நீங்கள் சொல்வது எல்லாம் ஒலிப்பதிவு ஆகும், எச்சரிக்கை வாசித்த பிறகு சொல்வது சாட்சியம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம். குடிவரவு வேலை பார்க்கும் சொலிசிட்டரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், குற்றவியல் சொலிசிட்டர் வேண்டும். எதுவும் பேசாமல் இருப்பதா, எழுதிய அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதைவிட ஆபத்தானது உங்கள் அமைச்சகத்தின் உள்விசாரணை. அங்கே எச்சரிக்கை வாசிக்கமாட்டார்கள், காபி கொடுத்துப் பேசுவார்கள், அந்தக் குறிப்பு நேராகப் போலீசுக்குப் போகும். போலீஸ் விஷயம் முடியும்வரை உள்விசாரணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள்.

தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2014 முதல் எம்.பி.க்களும் அந்தச் சட்டத்தில் தகவல் பெறத் தகுந்தவர்கள். ஆனால் வெளிப்படுத்திய செயலே குற்றம் என்றால் அந்தப் பாதுகாப்பு விழுந்துவிடும். மூன்றில் ஓர் ஆவணத்துக்கு அது பொருந்தலாம், மற்ற இரண்டுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை கேட்ட வரியும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வாசிக்கப்படும்.

ஆகவே நேராகவே சொல்கிறேன்: அந்த வேலையைக் காப்பாற்றப் போராடாதீர்கள். போலீஸ் முடிவு வந்ததும், வழக்கு இல்லை என்றால், சமரச ஒப்பந்தம் பேசி விலகுங்கள். நடுநிலையான பணிச் சான்று, நிலுவைச் சம்பளம், ஓய்வூதிய உரிமை, இவை போதும். தீர்ப்பாயத்தில் நியாயம் கிடைக்கும் என்று வருடக்கணக்கில் அலைந்து, ஒவ்வொரு செய்தியும் பகிரங்கமாக வாசிக்கப்படுவதைக் கேட்டு நொறுங்கியவர்களை நான் அறிவேன். ஒப்பந்தம் போட்டால் போலீஸ் விட்டுவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமைச்சகத்தின் கையெழுத்து வழக்குத் தொடுப்பவர்களைக் கட்டுப்படுத்தாது, அதனால்தான் அவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்கிறேன்.

குடியுரிமை விண்ணப்பத்தில், நடக்கும் விசாரணையைப் பற்றித் தகவல் தெரிவிக்கவேண்டும். விண்ணப்பித்த பிறகு நிலைமை மாறினாலும் தெரிவிக்கவேண்டும். மறைத்தால், குற்றம் நிரூபணமாகாமல் போனாலும் மறைத்ததற்காகவே நிராகரிப்பார்கள். தெரிவித்தால் பெரும்பாலும் தாமதமாகும். பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் சிறை என்றால் நாடுகடத்தும் பேச்சு வரும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் குற்றவியல் வழக்கறிஞரும் குடிவரவு வழக்கறிஞரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும்.

இந்த வாரம் செய்யவேண்டியது: போனை அப்படியே வைத்துவிட்டு, மூன்று ஆவணங்களும் என்னென்ன, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், வேலை கேட்டது எந்தத் தேதி என்று ஒரு தாளில் கையால் எழுதுங்கள். மேலே 'என் வழக்கறிஞருக்கு' என்று எழுதி, அவரிடம் மட்டும் கொடுங்கள்.