தபால் பெட்டியில் மூன்று பெயர்கள்

ஐயா, வணக்கம்.

கோவையில் பம்ப் வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு 60,000 யூரோ, படித்த வெளிநாட்டவருக்கு வேலைக்காகத் தரும் ப்ளூ கார்டு விசா. மகனுக்கு நான்கு வயது. மூன்று பேரும் சேர்ந்தே போய்விடலாமா, நான் முதலில் போகவா? இந்தச் சம்பளம் போதுமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? மனைவி கணக்கு டீச்சர். அவள் வேலையை விட்டுவிட்டு வருவதுதான் மனதை உறுத்துகிறது. நீங்கள் அந்த ஊரில் ஆறு வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் முதலில் போங்கள். வீடு அமைந்து, அந்த வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிய பிறகு அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டியை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே முக்கியமானதெல்லாம் கடிதமாகத்தான் வரும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தற்காலிகமாகத் தங்கும் இடத்தில் அந்தக் கடிதம் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதிந்த சில வாரங்களில் வரி எண் தபாலில் வரும். அது தாமதமானால் முதல் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடித்துவிடலாம். பின்னால் திரும்பக் கிடைக்கும், ஆனால் கைக்காசெல்லாம் கரையும் மாதம் அது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் போன வழியே திரும்பிவிடும். என் வங்கி அட்டையின் ரகசிய எண் இரண்டு முறை அப்படித்தான் திரும்பிப் போனது. பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பெயர் செந்தில், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால், அங்கே அலுவலகங்களில் நீங்கள் ஹெர் (திரு) முருகேசன். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் பழனிசாமி இருந்தால் அவர் ஃப்ராவ் (திருமதி) பழனிசாமி. பையனுக்கு உங்கள் பெயர், அதாவது செந்தில். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். பெட்டியில் மூன்றையும் ஒட்ட வேண்டும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் மூவரும் ஒரே குடும்பம் என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துத் திருமணச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ், மூன்று பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இன்று இரவே மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் முழுப்பெயர் என்று இருந்தால் விசாவுக்கு முன்பே திருத்திவிடுங்கள். விசாவில் எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் அங்கே எல்லாக் காகிதத்திலும் தொடரும்.

சம்பளம் போதும், சிக்கனமாக. வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு போலத்தான் கைக்கு வரும். மனைவி வந்து பதிந்த பிறகு வரி வகுப்பை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பிடித்தம் குறையும். வேலைக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைக்கும் பொது மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு அரசு உதவித்தொகையாக மாதம் 250 யூரோவுக்கு மேல் வரும். நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும்.

வாடகைதான் கடிக்கும். விளம்பரத்தில் 'குளிர் வாடகை', 'சூட்டு வாடகை' என்று இரண்டு இருக்கும். வெறும் வீட்டுக்கு முதலாவது. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைச் செலவு சேர்ந்தது இரண்டாவது. அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் சட்டப்படி கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது எழுதினால் அது மோசடி, பதிலே போடாதீர்கள். இன்னொன்று, பல வீடுகளில் சமையலறை என்று சுவரும் குழாய் இணைப்பும்தான் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் தொங்கும்.

மிக்சியைத் தாராளமாகக் கொண்டு போங்கள், அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். குக்கர் தட்டையான அடியோடு, இன்டக்‌ஷனுக்கும் ஆகிற மாதிரி வாங்குங்கள். நெய், பால்கோவா வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளுக்கு அனுமதி இல்லை. நம் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும், அதற்குமேல் ஓட்ட அங்கே தேர்வு எழுத வேண்டும்.

கடைசியாக, உங்கள் மனைவி. ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு வந்த உடனே வேலை செய்ய அனுமதி உண்டு, ஜெர்மன் தேர்ச்சி கேட்டுத் தடுக்க மாட்டார்கள். ஆனால் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல ஜெர்மன் வேண்டும், பட்டத்துக்கு அங்கீகாரம் வேண்டும், வருடங்கள் பிடிக்கும். இதை அவரிடம் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் முன்னால் போகும் அந்த நாலைந்து மாதத்தில் அவர் கோவையிலேயே ஜெர்மன் வகுப்பில் சேரட்டும். நீங்களும் படியுங்கள். ஜெர்மனில் ஆரம்ப நிலையான ஏ1 தேர்ச்சி இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், இடைநிலையான பி1 இருந்தால் 21 மாதத்தில்.

ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு. மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறை வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். முறை வந்தால் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கும். முதல் முறை அட்டை தொங்கியபோது என் மனைவிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி ஏறி வந்து, அவள் கையில் மாப்பைக் கொடுத்து, கைப்பிடிக் கம்பியையும் துடைக்க வேண்டும் என்று செய்தே காட்டினார். அவளுக்குத் தெரிந்தது இருபது ஜெர்மன் வார்த்தை, அத்தனையையும் அந்தப் படியிலேயே பேசித் தீர்த்தாள். அடுத்த வாரம் பாட்டி கேக்கோடு வந்தார்.